கண்ணால் பார்த்தவள்

"சொன்னா அந்த ஆளுக்கு என்ன ஆவும் மேடம்?"

புரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த குளோரியா நிமிர்ந்து பார்த்தாள். ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கான வகுப்பு முடிந்து, எல்லோரும் ஆளுக்கொரு சமோசாவோடு போய்விட்டிருந்தார்கள். சந்திரம்மா மட்டும் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

தொம்மலூரில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, பாலியல் தொல்லை தடுப்புப் பயிற்சி நடத்த வருஷம் ஒருமுறை வருபவள் குளோரியா. காலையில் மாடியில் இன்ஜினீயர்களுக்கு இங்கிலீஷில். மத்தியானம் கீழே துப்புரவுப் பெண்களுக்குப் பாதி தமிழ், பாதி கன்னடம். 'எதையாவது பார்த்தால் வந்து சொல்லுங்கள்' என்று தொண்டை வறளக் கத்துவாள். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். சமோசா வந்ததும் எல்லாம் மறந்துபோகும். உண்மையிலேயே ஒருத்தி வந்து வாயைத் திறப்பது இதுதான் முதல் தடவை. அன்று வியாழக்கிழமை, விவேக் நகர் சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்குப் போக வேண்டும் என்பதுகூட குளோரியாவுக்கு மறந்துவிட்டது.

"உட்காருங்க சந்திரம்மா. என்ன பாத்தீங்க?"

சந்திரம்மா உட்காரவில்லை. "போன வெள்ளிக்கிழமை மேடம். மூணாவது மாடிப் படிக்கட்டுல மாப் போட்டுட்டு இருந்தேன். புதுசா வந்திருக்கே ஜூலியான்னு ஒரு பொண்ணு, அதக் கையப் புடிச்சு இழுத்து, செவுத்தோட சாச்சு நிறுத்திட்டான். அது, 'விடுங்க, விடுங்க'ன்னு கெஞ்சுது. என் கையிலேருந்து பக்கெட்டு விழுந்திச்சு. அந்தச் சத்தத்துலதான் விட்டான்."

"உங்களைப் பாத்தானா?"

"பாத்தான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பொண்ணு பாத்ரூம்ல உக்காந்து அழுதுச்சு. தண்ணி குடுத்தேன். அன்னிலேருந்து வேலைக்கே வரல மேடம்."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், குளோரியாவுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த மாதிரி விஷயத்தில் கண்ணால் பார்த்த சாட்சி குதிரைக்கொம்பு.

"பயப்படாதீங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

"என் வேலை கெடக்குது. அவனுக்கு என்ன ஆவும்? மன்னிப்புக் கேட்டா விட்டுடுவாங்களா?"

ஓஹோ, சந்தேகப்படுகிறாள். பாவம், பெரிய இடத்து ஆட்கள் தப்பித்துப் போவதை எத்தனை பார்த்திருப்பாளோ! குளோரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரி சொல்லிட்டுத் தப்பிக்கவா? நடக்காது! வேலை போயிடும். அந்தப் பொண்ணு கம்ப்ளெயின்ட் குடுத்தா போலீஸ், கோர்ட்டு, ஜெயில் வரைக்கும் போகும்."

சந்திரம்மா கையை உருவிக்கொண்டாள். சொன்ன தைரியம் போதவில்லை என்று நினைத்து, குளோரியா இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னாள்.

"ஊரே காறித் துப்பும், பாருங்க. இப்படி ஒருத்தனைப் பெத்தவங்க வெளியில தலைகாட்ட முடியாது."

சந்திரம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னையும் ஒருத்தன் இப்படிப் புடிச்சிருக்கான் மேடம். சின்ன வயசுல, சிவாஜிநகர்ல ஒரு துணிக்கடையில பெருக்கிட்டு இருந்தேன். சுத்தி நாலு பேரு நின்னாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இப்ப நானும் வாய மூடிக்கினா, அந்த நாலு பேரோட நான் அஞ்சாவது ஆளு. இல்ல?"

"பேரைச் சொல்லுங்க சந்திரம்மா."

"சஞ்சய்."

அட படுபாவி! காலையில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்ன டீம் லீடர்! அவனுக்குக் கைதட்டச் சொன்னதே குளோரியாதான். அப்போது இதே சந்திரம்மா டீத் தட்டோடு வாசலில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போகிறது என்று குளோரியாதான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ஆள் மாறிடலையே? பெரிய வக்கீலா வெச்சு, 'மாடிப்படி இருட்டு, அந்தம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல'ன்னு சாதிச்சுடுவாங்க."

"நீலக் கட்டம் போட்ட சட்டை மேடம். மூணாவது பட்டன் மட்டும் வெள்ளை, மத்ததெல்லாம் கறுப்பு."

குளோரியாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அந்தப் பதட்டத்துல, அந்த இருட்டுல, பட்டனையெல்லாம் எப்படிப் பாத்தீங்க?"

"அங்க பாக்கல மேடம்." சந்திரம்மாவின் குரல் உடைந்தது. "ஆபீசுல அவன நான் சார்னுதான் கூப்புடுவேன், இங்க யாருக்கும் தெரியாது. அன்னிக்குக் காலைல வீட்டுல, நேரமாச்சுன்னு குதிச்சிட்டு நின்னான். கறுப்புப் பட்டன் கெடைக்கல, நான்தான் ஒரு வெள்ளைய வெச்சுத் தெச்சுக் குடுத்து, 'பத்திரமாப் போயிட்டு வா கண்ணு'ன்னு அனுப்பினேன்."