சுவரில் விழுந்த குறிப்பு

சியோலில் ஓர் அலுவலகக் கூட்டம். யூன்சுல் செருகிய பென்டிரைவ், சுவர்த்திரையில் கடவுச்சொல் கேட்டு நிற்கிறது. வேறு வேலை கிடைக்கும்வரை அதிலுள்ள தன் ராஜினாமாக் கடிதத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பென்டிரைவையே முழுசாகப் பூட்டியிருக்கிறாள். இன்று காட்ட வேண்டிய படங்களும் அதற்குள்தான் கிடக்கின்றன. திறந்தால் இரண்டும் சேர்ந்தே தெரியும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் தூசி மிதக்கிறது, பார்லித் தேநீர் ஆறுகிறது. "என்னம்மா, உள்ள காதலன் போட்டோவா?" என்கிறார் மேலாளர் பியோ. மேலாளர் சிரித்தால் கடைசி நாற்காலிவரை சிரித்தாக வேண்டும், யூன்சுலும் சிரிக்கிறாள். பாவம், வியர்த்த விரல் தவறான எண்ணில் விழுகிறது. கடவுச்சொல் மறந்தால் உதவட்டுமென்று அவளே எழுதிவைத்த குறிப்பு சுவரில் ஆளுயரத்துக்கு விரிகிறது: 'பியோவிடமிருந்து தப்பிக்கும் நாள்.' யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொள்கிறார். "எந்த நாளம்மா அது? சொல்லு, நானே அடிக்கிறேன்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுக்கிறார்.