வாலுக்குள் இருப்பவரின் வார்த்தை

“கோணிடுச்சு. எடுத்துடு.”

விமானத்தின் வாலுக்குள் மல்லாந்து படுத்திருந்த கணவரின் குரல் ஷெட் முழுக்க எதிரொலித்தது.

வெளியே காற்றுச்சுத்தியோடு நின்றவள் பல்லைக் கடித்துக்கொண்டு டிரில்லை எடுத்தாள்.

நான்கு வருஷமாகக் கார் வெயிலில் காய்கிறது. அதன் இடத்தில் அவள் சொந்தமாகக் கட்டும் விமானம் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் அதன் தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் அதன் முனையில் இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிப்பார். முனை நசுங்கி, சட்டைப் பொத்தான்போல் உட்கார வேண்டும். உட்கார்ந்ததா, கோணியதா என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். குடைந்து எடுத்தால் துண்டு விழுவதும் உள்ளேதான். அதைப் பொறுக்கிக்கொள்வதும் அவர்தான்.

அந்தச் சந்துக்குள் நுழைய ஒல்லிக்குச்சி உடம்பு வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேலி செய்த உடம்பு கடைசியில் இதற்கு உதவியது.

இறக்கை இரண்டையும் இதே கையால்தான் அடித்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. முதல் தடவை தான் மட்டும் தனியாகத்தான் பறக்க வேண்டும், அதுதான் முறை என்று போன வாரம் அவரிடம் சொன்னபோதுகூட எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி அவரும் ‘சரி’ என்றார்.

இந்த வாரம்தான் ஒன்று மாற்றி ஒன்று கோணிப்போகிறது. கைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

புது ரிவெட்டைச் செருகினாள். பயமாக இருந்தது. ஒரு ரிவெட்டை நேராக அடிக்கத் தெரியாத கை, அவ்வளவு உயரத்தில் எதைப் பிடித்து என்ன செய்துவிடும்?

அடித்தாள். தகடு அதிர்ந்து அடங்கியது.

தகட்டில் காதை வைத்தாள்.

“இதுவும் கோணிடுச்சுன்னா சொல்லிடுங்க, வித்துடலாம். இந்தக் கைய நம்பி நான் மேல ஏற மாட்டேன்.”

சொல்லும்போதே அழுகை முட்டியது.

வாலுக்குள் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

“நல்லாருக்கு,” என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த துளைக்கு நகர்ந்தாள்.

“இரும்மா.” அவர் கூப்பிட்டார். “இந்த வாரம் நான் எடுக்கச் சொன்னது எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு.”