ராக்கெட்டுக்கு எதற்கு இறக்கை?

“ஸ்புட்னிக் போனதிலேருந்து வாசகர்களுக்கு சயன்ஸ் முத்திப்போச்சு. மேல காத்தே இல்லையாமே, ராக்கெட்டுக்கு எதுக்குங்க இறக்கை?” என்று எரிந்து விழுந்தார் திருச்சி வாரப் பத்திரிகை ஆசிரியர் பெரியண்ணன்.

“போறதுக்கு வேண்டாம் சார். திரும்பக் காத்துக்குள்ள இறங்கறப்போ வேணும்,” என்றார் தொடர்கதைக்குப் படம் போடும் பாக்கியநாதன்.

“நம்ம கதையில அது திரும்பியே வராதே!”

பாக்கியநாதன் படத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போனதும் பெரியண்ணன் இறக்கைகளை வெள்ளைப் பெயிண்டால் அழித்துவிட்டுப் படத்தை அச்சுக்கு அனுப்பினார்.

இதழ் வெளியான அன்று, பாக்கியநாதனின் மனைவி டோரதி அதை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து, பெரியண்ணனிடம் ராக்கெட்டின் ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே ரெட்டைப் பின்னலோடு ஒரு சின்ன முகம். கதையில் குழந்தையே கிடையாது.

“கொள்ளிடம் அடிச்சுக்கிட்டுப் போன எங்க பொண்ணு லூர்துராணிங்க. உடம்புகூடக் கிடைக்கல. வாராவாரம் இதுலதான் உட்கார வைக்கிறாரு. இறக்கையை எடுத்துட்டீங்களே, இனிமே எப்படிங்க எறங்குவா?”