கையில் இருந்தது

1931 மார்ச் 9, திங்கட்கிழமை மாலை, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் முனியன் என்ற வண்டிக்காரனின் மண்டை ஒருவன் தடியால் அடித்ததில் உடைந்தது. அடித்தவன் ஓடிவிட்டான். கூட்டத்தில் நின்ற மீனவன் தேசப்பனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ரெண்டு கையாலயும் பூசணிக்காய அணைச்சிக்கினு நின்னேன் சாமி. நான் எங்க தடி புடிக்கிறது?" என்று மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்துவிட்டான் தேசப்பன். புதுக் கட்டுமரத்துக்குத் திருஷ்டி கழிக்க வாங்கியது. துண்டில் சுற்றி எடுத்துப் போனான். நெரிசலில் அது விழுந்து சிதற, தெருவில் திரிந்த மாடு மிச்சமில்லாமல் தின்றுவிட்டது.

அவனை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் ஒருவர்தான், எதிர்வீட்டு அன்வரி பேகம். உருது பேசும் குடும்பம். அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண் என்பதால் விசாரணை நாளன்று கோர்ட்டுக்குள் வரவில்லை. வாசலில் திரை கட்டிய ஜட்காவிலேயே உட்கார்ந்திருந்தார்.

கோர்ட் குமாஸ்தா வேதாந்தம் காகிதமும் பேனாவுமாக வண்டியருகே வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று பேகத்தின் கணவர் அப்துல் கரீமைத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டார்.

"அவன் கையில என்னம்மா இருந்தது?"

"துணி சுத்தி ஒண்ணு இருந்துச்சி, சாப். கோலா இருந்துச்சி."

"கோலா மீனா?" என்றான், தேசப்பனை வண்டியருகே பிடித்துக்கொண்டு நின்ற கான்ஸ்டபிள். "வலைக்காரன்தானே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மீனு இல்லே. கோல். பெரிய கோல். ரெண்டு கையாலே புடிச்சிக்கினு நின்னான்."

தேசப்பன் திரையை நோக்கிக் கத்தினான். "யம்மா, நல்லா ரோசிச்சி சொல்லும்மா! உன்னத்தான் நம்பிக்கினு கீறேன்."

"வாயை மூடுடா!" என்றார் வேதாந்தம்.

திரைக்குள்ளிருந்து குரல் கனிவாக வந்தது. "பயப்படாதே தம்பி. அல்லா சத்தியமா கோல்தான்."

துணி சுற்றிய பெரிய தடியை இரு கைகளாலும் பிடித்திருந்தான் என்று வேதாந்தம் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் தீர்ப்பு. ஆறு மாதக் கடுங்காவல்.

தேசப்பன் வெளியே வருவதைக் கண்டு அப்துல் கரீம் சிரித்த முகமாக ஓடிவந்தார். கிட்டே வந்த பிறகுதான் விலங்கைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? எங்க வூட்ல சாட்சி சொன்னாங்களே!"

"சொன்னாங்க பாய். அதாலதான் உள்ள போறேன். உங்களுக்கு நான் இன்னா துரோகம் பண்ணேன்? என் கையில கோல் இருந்துச்சின்னு சத்தியம் பண்ணிட்டாங்களே!"

அப்துல் கரீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆமா நைனா. உருண்டையா இருந்தா, எங்க பாஷையில கோல்னுதானே சொல்லுவோம்?"