மூன்று மில்லிகிராம்

“இது பாஸானா மிச்ச டப்பாவ எனக்குத் தர்றீங்களா மேடம்? எனக்குப் பால் வத்திப்போச்சு. புள்ள வெளுத்துப்போய்க் கிடக்கு,” என்றாள் ஆய்வகத்தைப் பெருக்குகிறவள்.

“பார்க்கலாம்,” என்றாள் சோதிப்பவள்.

குழந்தைப் பால் பவுடரில் நூறு கிராமுக்கு எட்டு மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்க வேண்டும். மெஷின் மூன்று என்றது. மறுபடி போட்டாள். மூன்றேதான்.

மேலாளர் வந்து தலையில் அடித்துக்கொண்டார். “வாசல்ல லாரி நிக்குது. மெஷின் கோளாறா இருக்கும். அந்தச் சரிபார்ப்புப் பவுடரப் போட்டுப் பாரும்மா.”

இரும்புச்சத்து சரியாக எட்டு என்று முத்திரை குத்தி, தனிக் குப்பியில் வந்த பவுடர் அது. போட்டாள். அதற்கும் மூன்று.

“நான் சொல்லல? பொய் சொல்றது மெஷின்தான்!”

அவளுக்கும் உயிர் வந்தது. குப்பிப் பவுடருக்கு எட்டு காட்டும்படி மெஷினைத் திருத்தினாள். இரண்டு பவுடரும் எட்டுக்கு ஏறின. கையெழுத்துப் போட்டாள். லாரி கிளம்பியது. மிச்ச டப்பாவைத் தூக்கிக் கொடுத்தாள்.

பெருக்குகிறவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்ககிட்ட மறைக்கக் கூடாது மேடம். காலைல துடைக்கிறப்ப அந்தக் குப்பி கைதவறிக் கவுந்து எல்லாம் கொட்டிடுச்சு. திட்டுவீங்கன்னு பயந்து, இந்த டப்பாலருந்துதான் எடுத்து ரொப்பி வெச்சேன்.”

சோதிப்பவள் மேலாளருக்குப் போன் போட்டாள். அவர் முழுதும் கேட்டார்.

“லாரி போயாச்சு. நீ கையெழுத்தும் போட்டாச்சு. வாயப் பொத்திக்கிட்டு இரு,” என்று வைத்துவிட்டார்.

“பவுடர் நல்லதுதானே மேடம்?” டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள் பெருக்குகிறவள்.

“நல்லதுதான்,” என்றாள் சோதிப்பவள், மெஷின் இருந்த பக்கம் பார்க்காமல்.