ஒரே பெயரில் இரண்டு கல்யாணம்

இரண்டு மணப்பெண்களுக்கும் ஒரே பெயர் என்பது அக்காவுக்கு உறைத்தபோது, கேமராவின் மெமரி கார்டுகள் காலியாகிவிட்டிருந்தன.

அழித்தது அவளேதான். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றே என்ற தைரியம்.

மணப்பெண்ணின் பெயரிலேயே ஃபோல்டர் போடுவது அக்காவும் தம்பியும் நடத்தும் அந்த ஸ்டுடியோவின் வழக்கம். ஏற்றுவது எப்போதும் அக்காவின் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டாள். கேமராவோ ஒவ்வொரு கல்யாணத்துக்கும் படங்களை ஒன்றிலிருந்து எண்ணும். அப்படியென்றால் நேற்றைய கல்யாணம் போன வாரக் கல்யாணத்தின் மேலேயே போய் உட்கார்ந்து, அதை அழித்திருக்கும்.

போன வாரம் பெண்ணின் அப்பா சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, மகளைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படத்துக்கு நின்றார். இன்னொரு தடவை நிற்கச் சொல்லவா முடியும்?

கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தேடினாள்.

இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றில் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, மற்றதில் எல்லாமே சின்ன எழுத்து. விரல் போன போக்கில் அடிப்பவள் அவள். ஒன்றில் நேற்றைய பெண் சிரித்தாள். மற்றதில் அந்த அப்பா நின்றுகொண்டிருந்தார்.

போன உயிர் திரும்பி வந்தது.

பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறு பெயராக எடுத்துக்கொள்ளும்படி இந்த டிஸ்க்கை அமைத்தவன் தம்பி. அதனாலேயே ஆல்பம் செய்யும் மென்பொருள் இதில் ஏற மறுத்தது. அந்த வேலைக்கு ஒரு ஓட்டை லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது. எதையோ தெரியாமல் அழுத்தித் தொலைத்துவிட்டான் என்று அவள் திட்டாத நாளில்லை. மாற்றித் தா என்றால் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடிப்பான். பழைய டிஸ்க் செத்து, அதோடு தன் கல்யாணப் படங்களும் போய்விட்டன என்று அவன் சொல்லியிருந்ததால் பாவம் பார்த்து விட்டுவைத்திருந்தாள். அவன் வீட்டுச் சுவரில், யாரோ போனில் எடுத்த மங்கலான படம்தான் தொங்குகிறது.

தம்பி வந்ததும் நடந்ததைச் சொன்னாள். தெரியாமல் செய்தாலும் நல்ல காரியம் செய்தாய் என்று அவன் தலையைக் கலைத்துவிட்டாள்.

“தெரியாம செய்யலக்கா. அந்தப் பழைய டிஸ்க் சாகவும் இல்ல, என் கல்யாணப் படங்க போனது அதனால இல்ல. நீ ஒண்ணும் நினைச்சுக்காத.”

அவன் முகத்தில் கோபமே இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவன்போல் இருந்தான்.

வீட்டில் எல்லோரும் சின்னு என்று கூப்பிடும் தம்பி மனைவிக்கும், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர் இந்த இரண்டு மணப்பெண்களின் பெயர்தான்.