ஜோடியை விட்டுப் பிரியாதே

தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் அவள் முதலில் தேடியது நாத்தனாரைத்தான். படகைச் சுற்றி எங்கும் இன்னொரு தலை தெரியவில்லை. காதில் வைத்திருந்த போனைச் சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டைவிங் மாஸ்டர் ஏணியருகே வந்து கை நீட்டினார்.

கடலுக்குள் ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஜோடியை விட்டுப் பிரியக் கூடாது. மாஸ்டரின் முதல் நாள் பாடமே அதுதான். அவளோ, பெரிய திருக்கை ஒன்று மணலை உதறிக்கொண்டு எழுந்த அழகில் சொக்கிப்போய் அதன் பின்னாலேயே போய்விட்டாள். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் இல்லை.

சுற்றும் முற்றும் தேடிவிட்டு மேலே ஏறினாள். பதறிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி ஆளையே முடக்கிவிடும். வழியில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துச் சற்று நேரம் நின்றுதான் ஆக வேண்டும். ஒருத்தி என்ன ஆனாளோ தெரியவில்லை, நான் இங்கே சட்டப்படி தொங்கிக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தபோதே அவளுக்கு உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது.

"அவ மேல வந்தாளா மாஸ்டர்?"

"வந்துட்டாங்கம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உள்ள படுக்க வச்சிருக்கோம். நீங்க ஏறி வாங்க, மெதுவா."

படுக்க வைத்திருக்கிறார்கள். அவள் ஏணியைப் பிடித்து ஏறினாள்.

ஏறியதும், "என்னம்மா, மீனுங்கல்லாம் சௌக்கியமா?" என்று வம்புக்கு இழுக்கும் படகோட்டி இன்று வாயே திறக்காமல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் முதுகிலிருந்த சிலிண்டரை மாஸ்டரே கழற்றினார். அவரவர் சுமையை அவரவர்தான் கழற்ற வேண்டும் என்று கறாராகப் பேசுகிற மனிதர்.

படகின் முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. பலகைமேல் தலைவரை துண்டைப் போர்த்திய ஓர் உருவம். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அவள் உள்ளே போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அந்தப் பாதங்களில் மணல் ஒட்டியிருந்தது. யாராவது துடைத்துவிட்டிருக்கலாமே என்று மட்டும் தோன்றியது.

படகு கரையைப் பார்த்துத் திரும்பியது.

அவள் கணவர் பயந்த சுபாவம். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுவதற்கே ஆள் தேடுவார். காஸை மூடினோமா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவார். "நீ கடல்ல குதி, மலையில தொங்கு, உன் இஷ்டம். என் தங்கச்சியை எதுக்குக் கூட இழுத்துட்டுப் போறே?" என்று காலையில்கூட வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். "போனபடியே கொண்டுவந்து சேர்க்கறேன், போதுமா?" என்று சிரித்துவிட்டு வந்தாள்.

அந்த மனிதருக்கு இதை யார் சொல்வது?

"மாஸ்டர், உங்க போனைக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"வீட்டுக்காரருக்குச் சொல்லணும்."

மாஸ்டர் படகோட்டியைப் பார்த்தார். அவன் கடலைப் பார்த்தான்.

"இங்க டவர் கிடைக்காதும்மா. கரைக்குப் போயிடலாம்."

"இப்பதானே பேசிட்டு இருந்தீங்க?"

அவர் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார்.

"வேற யாராவது சொல்லி அவர் கேட்டார்னா தாங்க மாட்டார் மாஸ்டர். நான்தானே அவளைக் கூட்டிட்டு வந்தேன், நானே சொல்றேன். திட்டினா திட்டட்டும். மூஞ்சியிலேயே முழிக்காதேன்னு சொன்னாலும் சொல்லட்டும்." வானிலை அறிக்கை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் அவளுக்குக் குரல் வந்தது.

மாஸ்டர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "அம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க முதல்ல."

அவள் எழுந்து போய் அவர் சட்டைப் பையிலிருந்து தானே போனை எடுத்தாள். அவர் தடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கை பாதி தூக்கியபடியே நின்றுவிட்டது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அப்போதுதான் யோசித்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

திரும்பினாள். துண்டைப் போர்த்திக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தாள். முகம் முழுக்க வீங்கியிருந்தது.

அவளுக்குக் கத்தத் தோன்றவில்லை, கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. கை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கியாடி?"

"மாஸ்க்குல தண்ணி பூந்துடுச்சு. உங்களுக்குக் கை காட்டினேன், நீங்க பார்க்கலை. அதான் முன்னாடியே மேல வந்துட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லை."

"பின்ன எதுக்குடி இப்படி அழுது வச்சிருக்கே? இரு, உங்கண்ணன் லைன்ல வருவார், அவர்கிட்டயே பேசு."

நாத்தனார் போனை அவள் காதிலிருந்து மெல்ல விலக்கி அணைத்தாள்.

"வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு… அண்ணன் போயிட்டார், அண்ணி."